கணினி மாற்றிக் கொடுத்த வேலை

எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் நடத்தினோம். நான் கிளமெண்டியிலிருந்து பஸ் பிடித்துப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுப்பேன். தொண்டூழியர்கள் ஒரு வாரம் நிறைந்திருப்பார்கள். மறுவாரம் பிள்ளைகள் மட்டும் வாசலில் காத்திருப்பார்கள்.

எங்கள் செயலாளர் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தார். அங்கே புதிதாக வந்திருந்த கணினியின்மேல் அவருக்குத் தீராத மோகம். ஆளுக்கொரு ஒப்பந்தம் போட்டால்தான் ஒழுங்காக வருவார்கள் என்றார். பெயரையும் வேலையையும் கொடுத்துவிட்டால் கணினியே தனித்தனியாக அச்சடித்துவிடுமாம். அடித்தும் விட்டது. ஓரத்தில் துளையிட்ட நீளத் தாளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த அவசரத்தில் ஒருவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம்.

சனிக்கிழமைதான் தெரிந்தது, பெயர்கள் சரியாக இருக்க வேலைகள் இடம் மாறியிருந்தன. எனக்கு நாற்காலி அடுக்கும் வேலை. கணக்குச் சொல்லித்தரும் ஐயாவுக்குச் சமையல்; அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வுபெற்ற எழுத்தர், கண்டிப்பானவர். எங்களுக்கெல்லாம் சமைத்துப்போடும் அக்காவுக்குக் கணக்கு.

திருத்தித் தருவதாகச் செயலாளர் கெஞ்சினார். ஐயா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"கையெழுத்து வச்சாச்சு, தம்பி. வச்சபடி செய்யத்தான் வேணும்."

வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பே இல்லை. நேரே கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கிவந்தார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். தயங்கித் தயங்கி வகுப்பில் போய் உட்கார்ந்து, பிள்ளைகளிடம் உள்ளதைச் சொன்னார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது லா. நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க."

அதுவரை ஐயாவுக்குப் பயந்து வாய் திறக்காத பிள்ளைகள், நான் முந்தி நீ முந்தி என்று பலகைக்கு ஓடினார்கள். வகுத்தலைப் புரியவைக்க ஒரு சிறுமி தன் பென்சில்களையெல்லாம் பங்கு வைத்துக் காட்டினாள். புரிந்ததும் அக்கா கைதட்ட, வகுப்பே சேர்ந்து தட்டியது. ஐயா கரண்டியும் கையுமாக வந்து கதவோரம் நின்று பார்த்தார்.

அவர் வைத்த தேங்காய்ப்பால் சொதியில் உப்பு கொஞ்சம் தூக்கல். சம்பலைப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். மனைவி இறந்தபின் தனக்கு மட்டும் ஆக்கிச் சலித்துப்போயிற்று என்று, பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னார். "நாலு பேருக்குச் சமைக்கிறது வேற சந்தோஷம், பிள்ளை."

மறுவாரம் செயலாளர் திருத்திய தாளோடு வந்தார். ஐயா, அக்கா இருவரும் வாங்க மறுத்தார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாறிக்கொள்வதென்று அவர்களே பேசி முடித்திருந்தார்கள். மற்றவர்களும் வராமல் இருப்பது குறைந்தது. இந்த வாரம் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவாவது வந்தார்கள்.

அடுத்த ஆண்டு அக்கா பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தார். முதல் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று எங்கள் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, கேள்வித்தாளைப் பிடுங்கி, ஒவ்வொரு விடையாகச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தார்கள்.