பால் காய்ச்சாத வீடு

எதிர்வீட்டுக்காரர் மாடி வீடு கட்டிப் பூட்டி வைத்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் வந்துதான் பால் காய்ச்சிக் குடிபோக வேண்டுமாம். மழையில் வீடு இடிந்துபோன ஒரு அக்கா எங்கள் பரளச்சி ஊர் பஸ் நிறுத்தத்தில் மூட்டையோடு கிடந்தது. ஒருநாள் மழைக்கு அந்த வீட்டு வாசலில் ஒதுங்கியது.

"பால் காய்ச்சாத வீட்டுல வேத்தாளு ஒதுங்கக் கூடாதுத்தா, எந்திரி" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அக்காவை நான் கூட்டிவந்தேன். என் வீடு ஒரே அறைதான். ஆட்டுக்குட்டிகளை வெளியே கட்டிவிட்டு இடம் செய்துகொடுத்தேன்.

"யாரு எவருன்னு தெரியாம உள்ள விட்டுட்டியே" என்று குடை பிடித்து வந்து எனக்குப் புத்தி சொன்னார்.

மகன் வந்தான். பால் காய்ச்சும் அன்று பசுமாட்டைத்தான் முதலில் உள்ளே கூட்டிப்போனார்கள். அதை யாரு எவரென்று ஒருத்தரும் கேட்கவில்லை. அது நடுக்கூடத்தில் சாணி போட்டது. லட்சுமியே வந்துவிட்டதாக எல்லோருக்கும் சந்தோஷம். அள்ளத்தான் ஆள் இல்லை.

எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். "ஏத்தா, செத்த வந்து அள்ளிப் போட்டுட்டுப் போ. இப்ப உள்ள வரலாம்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

"எங்க வீட்டுல வேலை கெடக்குண்ணே" என்றது.