பனாஜியில் ஒரு கிரிவலம்

மூன்று வருடங்களுக்கு முன், கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்து திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த சமயம். நானும் என் மனைவியும் கோவாவில் இருக்கும் பனாஜிக்குக் கிளம்பினோம். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் தெருவே கேட்டது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம், இவளுக்குக் கடலையும் கப்பலையும் காட்ட வேண்டும் என்று பதில் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

பனாஜியில் ஆற்றின் நடுவே பெரிய பெரிய கப்பல்கள் நிற்கும். அத்தனையும் சூதாட்ட விடுதிகள். எங்கள் கடைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் சொல்லி எனக்கு அது தெரியும். என் மனைவிக்குத் தெரியாது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரு காலத்தில் சீட்டாட்டக்காரன். மூணு சீட்டு. மாந்தோப்பில் உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. மனைவியின் தோடு போனது, கறவை மாடு போனது, கடைசியில் கடையின் டீ பாய்லரே போனது. பாய்லர் இல்லாத டீக்கடையில் என் மனைவி ஒரு நாள் முழுக்க வெறுமனே உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களிடம் எல்லாம் "இன்னைக்கு டீ இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த அன்று நிறுத்தினேன். நிறுத்தினேன் என்று சொல்வது சுலபம். கை அரிக்கும். தூக்கம் வராது. அப்போதெல்லாம் அவள் திட்ட மாட்டாள். "செருப்ப கழட்டுங்க, ஒரு சுத்து வந்துடலாம்" என்பாள். கடையைச் சாத்திவிட்டு இருவரும் மலையைச் சுற்றக் கிளம்புவோம். பதினாலு கிலோமீட்டர். பாதி வழியில் கால் வலிக்க ஆரம்பிக்கும். முக்கால் வழியில் எப்போது முடியும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. இப்படியே எட்டு வருடம் சீட்டைத் தொடாமல் இருந்தேன்.

எட்டு வருடம் என்பது ஒரு திமிரைக் கொடுத்துவிடுகிறது. ஒரே ஒரு முறை, அதுவும் நம்மூரில் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. தீபத்தன்று கடையில் நல்ல வியாபாரம். அதிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்து, அவளுக்குத் தெரியாமல் என் பனியனின் உள்பையில் வைத்துத் தைத்துக்கொண்டேன். நானே தைத்தேன். கோணல் மாணலான தையல்.

மகள் போனிலேயே ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். செங்கம் வழியாகப் பெங்களூருக்குப் பஸ், அங்கிருந்து ரயில். மூன்று நாளுக்குக் கெடாத புளிசோறு, முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், கூடவே ஒரு பெரிய காலி எவர்சில்வர் டப்பா. என் மனைவி எங்கே போனாலும் அந்த டப்பா கூடவே வரும். பனாஜி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். கட்டில் ஆடும். அவள் செய்தித்தாளை மடித்து ஒரு காலுக்கு அண்டை கொடுத்தாள், ஆட்டம் நின்றுவிட்டது. ரூம்ல ஜாஸ்தி நேரம் இருக்கறதுக்கா வந்தோம் என்று சொல்லிவிட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், பணம் இல்லாமல் ஊர் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆட்டோ என்று நான் வாயெடுத்தால் முறைப்பாள். மஞ்சளும் நீலமுமாகப் பெயின்ட் அடித்த பழைய வீடுகள் இருக்கும் தெருக்களில் நடந்தோம். படிகள் அடுக்கடுக்காக ஏறும் வெள்ளைத் தேவாலயத்தில் உட்கார்ந்தோம். ஆற்றைக் கடக்கப் படகு ஒன்று ஓடுகிறது, நடந்து வருகிறவர்களுக்கு டிக்கெட்டே கிடையாது என்று கேள்விப்பட்டதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாளைக்குப் பூராவும் இதில்தான் என்று அங்கேயே முடிவு செய்தாள். டீ மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. தொழில்காரன் வாய் சும்மா இருக்குமா, ஒவ்வொரு கடையிலும் குறை சொல்லிக்கொண்டே குடித்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆற்றங்கரை நடைபாதைக்கு வந்தோம். கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியது. சிவப்பு, ஊதா, பச்சை, தண்ணீர் முழுக்க நிறம். அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். "உள்ள இன்னாங்க இருக்கு?" என்று கேட்டாள். ஓட்டல் என்றேன்.

அப்போது டை கட்டிய ஒரு ஆள் கையில் சீட்டுக்கட்டு போல விளம்பர அட்டைகளை வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தான். நாங்கள் பேசுவதைக் கேட்டிருப்பான் போல. ஓசூரில் சில வருடம் வேலை பார்த்தவனாம், தமிழிலேயே பேசினான். "வாங்க சார். உங்களுக்கு மட்டும்தான் என்ட்ரி டிக்கெட். இன்னிக்கு லேடீஸுக்கு ஃப்ரீ. உள்ள சாப்பாடு அன்லிமிடெட்."

சாப்பாடு என்று காதில் விழுந்ததும் என் மனைவி செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். எங்கள் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வழி நெடுக அன்னதானம் நடக்கும். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் யார், என்ன என்று கேட்க மாட்டோம். வேண்டாம் என்றும் சொல்ல மாட்டோம். அந்தப் பழக்கத்தில் அவள் பையிலிருந்து காலி எவர்சில்வர் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அவன் முன்னால் நீட்டினாள். அவன் டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இங்கே இல்லை, உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சிரிக்காமல் விளக்கினான். நல்ல மனுஷன்தான்.

"பந்தியாங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் படகுத்துறை வாசலை நோக்கி நடந்தாள். நான் பின்னால் போனேன். என் கை தானாகச் சட்டைக்குள் நுழைந்து அந்தக் கோணல் தையலைத் தடவியது. நான் கூப்பிடவில்லை, அவளேதான் போகிறாள், என் மேல் என்ன தப்பு? இப்படியெல்லாம் கணக்குப் போடத் தெரிந்த மனது எனக்கு.

வாசலில் அவள் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தாள். சாப்பாடு போடும் இடத்தில் செருப்போடு போவாளா? பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் அவள் பாதங்கள் தெரிந்தன. குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. எனக்காக எத்தனை சுற்று வந்த கால்கள் அவை. ஒரு நாளாவது கால் வலிக்கிறது என்று அவள் சொன்னதில்லை.

என்னால் முடியவில்லை. "உள்ள சீட்டாட்டம்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். மூடியைத் தேடி டப்பாவை மெதுவாக மூடினாள். அங்கேயே நின்றால் நான் மாறிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. குனிந்து என் செருப்பையும் கழற்றினேன். "ஒரு சுத்து வந்துடலாம், வா" என்றேன். எட்டு வருடத்தில் முதன்முறையாக அதை நான் சொன்னேன்.

"மலைக்கு எங்க போறது இங்க?" என்றாள்.

தேவாலயத்துக்குப் பின்பக்கம், ஊருக்கு நடுவே ஒரு மேடு இருப்பதைக் காலையிலேயே பார்த்திருந்தேன். நம் மலைக்கு முன்னால் அது ஒரு பாறாங்கல்தான். பரவாயில்லை என்று இரண்டு ஜோடிச் செருப்பையும் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தோம். மேடு வலப்பக்கம், நாங்கள் சாலையின் இடப்பக்கம், ஊரில் நடப்பது போலவே. வழி தெரியவில்லை. ஒரு சந்து படிக்கட்டில் போய் முட்டியது, திரும்பி வந்தோம். ஜல்லி குத்தியது. ஒரு நாய் கொஞ்ச தூரம் குரைத்துக்கொண்டே வந்தது. திண்பண்டக் கடைக்காரர் ஒருவர் செருப்பு தொலைந்துவிட்டதா என்று சைகையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இதை யாரிடம், எந்த மொழியில் விளக்குவது?

முக்கால் சுற்று வந்த பிறகு ஒரு தெருவிளக்கின் கீழே நின்று, பனியன் பையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். பணத்தை அவள் கையில் வைத்தேன். அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

"எப்ப எடுத்து வெச்சீங்க?"

"தீபத்தன்னிக்கு."

"அப்ப எனக்குக் கப்பல் காட்ட வரல நீங்க."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நடுத்தெருவில் நின்று அழுதேன், ஐம்பத்திரண்டு வயதில். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. ஆனால் அவள் நிற்கவில்லை. பணத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு, "சுத்து இன்னும் முடியல, நடங்க" என்று முன்னால் போனாள். கிளம்பிய இடத்துக்கே வந்து சுற்றை முடித்தோம். அறைக்குப் போய் மிச்சமிருந்த புளிசோற்றை அந்த டப்பாவில் கொட்டிப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை அந்த இலவசப் படகில் ஏறினோம். சூதாட்டக் கப்பல்கள் பக்கத்திலேயே நின்றன. பகல் வெளிச்சத்தில் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் தெரிந்தது. ஒரு கப்பலின் மேல்தளத்தில் யாரோ துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். முந்தைய ராத்திரியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், "இதுக்கா ராத்திரி பூரா ரயில்ல வந்தீங்க? லைட்ட அணைச்சா ஒண்ணுமே இல்லியே" என்றாள். முதலில் நான்தான் சிரித்தேன். பிறகு அவளும் சிரித்தாள். அக்கரைக்கும் இக்கரைக்குமாக ஏழு தடவை போய் வந்தோம். ஏழாவது தடவை படகுக்காரருக்கே எங்கள் முகம் பழகி, கையசைத்தார்.

அந்தப் பணத்தை அவள் செலவழிக்கவில்லை, எனக்குத் திருப்பித் தரவும் இல்லை. அடுத்த வருடம் அதில்தான் என்னை ராமேஸ்வரம் கூட்டிப்போனாள்.

எட்டு வருடமாக எங்கள் மலைதான் என்னைக் காப்பாற்றியது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் கை அரிக்கும் நாட்கள் உண்டு. செருப்பைக் கழற்றும்போது நான் மலையைப் பார்ப்பதற்கு முன், பக்கத்தில் கழற்றி வைத்திருக்கும் இன்னொரு ஜோடிச் செருப்பைத்தான் பார்க்கிறேன்.