உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரி

செவ்வாய் காலை 6.50. ஹீத்ரோவில் விமானம் தரை தொட்டதும் கைபேசியை உயிர்ப்பித்தேன். முதல் செய்தியே கெட்ட செய்தி. இயக்குநர் ஹெலன் எழுதியிருந்தார்: “வெரா தன் பாட்டுக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டார். நேற்று கடைசிக் காட்சியை அனுப்பினேன், பார்த்துவிட்டு அழுகிறார். அவர் வீடு ஹவுன்ஸ்லோவில், உனக்கு வழியில்தான். கையெழுத்தோடு வா.”

ரஷ்யக் கிராமங்களின் நம்பிக்கைகளைப் பற்றி ஹெலன் எடுத்த ஆவணப்படம் அது. தண்ணீரில் மந்திரம் முணுமுணுத்து நோய் தீர்க்கும் பெண்கள், அடுப்புக்குப் பின்னால் குடியிருக்கும் வீட்டுக்காவல் ஆவி, பனிக்கட்டியை வெட்டி மொண்டுவரும் புனித நீர் எல்லாம் அதில் உண்டு. இசைத்தொகுப்பு நான். வடபழனியில் என் அறைக்குள் உட்கார்ந்து மூன்று மாதம் உழைத்துவிட்டு, கடைசி ஒலிக்கலவைக்காக வந்திருந்தேன். அன்று மாலை ஐந்து மணிக்குள் படத்தைத் தொலைக்காட்சிக்கு ஒப்படைக்க வேண்டும்.

வெரா பாடிய பாட்டுதான் படத்தின் உயிர். ஐம்பது வயதுக்காரர். ஹவுன்ஸ்லோவில் துணி தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார். அவருடைய தம்பி மீத்யா ஊரிலேயே இருக்கிறார். படத்தின் முடிவில் அவர் இரண்டு வாளிகளோடு உறைந்த ஆற்றை நோக்கி நடப்பார். அந்த நடைக்கு அக்காவின் குரலை நான் போட்டிருந்தேன். அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் இன்னொரு முறை போடச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

7.40. வாடகைக் காரோடு வந்தவர் ரவி, யாழ்ப்பாணத்துக்காரர். “வாங்கோ அக்கா, பையைத் தாங்கோ. தோர்ண்டன் ஹீத்துக்குத்தானே?” என்றார். ஒலிக்கூடம் அங்கேதான். ஆனால் முதலில் ஹவுன்ஸ்லோ என்றேன். “ஓம், பக்கத்திலைதான், நாலு மைல். இருபத்தெட்டுப் பவுண். நிண்டு போறதெண்டா அதின்ர காசைப் பேந்து பாப்பம்.” வெளியே மழையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. நான்கு மைலுக்கு நாற்பது நிமிடம் ஆனது, எல்லாச் சிவப்பு விளக்கும் எங்களுக்காகவே எரிந்தது.

8.25. கபாப் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. கதவு சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தது. உள்ளே மூலையில் தேவமாதா படமும், அதன்மேல் பூவேலை செய்த துவாலையும், ஒரு சிறு விளக்கும் தெரிந்தன. வெராவின் ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது, என்னுடையதும் அப்படித்தான். ஆனால் கோபத்துக்கு இலக்கணம் தேவைப்படவில்லை.

“பாட்டை என் தம்பிமேல போட்டது நீதானா?”

“ஆமா. ரொம்ப நல்லா வந்திருக்கு...”

“மத்தியானம் அவனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். நீ அவனுக்கு சாவுப்பாட்டு பாட வெச்சிட்ட. அதுவும் என் வாயால!”

கதவு சாத்தப்பட்டது. இரண்டு முறை தட்டினேன். திறக்கவில்லை.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அம்மா சொல்வாள். நான் இதுவரை ஒரு சென்ட் நிலமும் ஆண்டதில்லை. காரில் ஏறி உட்கார்ந்து கத்தித் தீர்த்தேன். “மூணு மாச வேலை! ஒரு பாட்டு போட்டா ஒரு ஆள் செத்துடுவானா? என்ன மூடநம்பிக்கை இது! அவங்களே பாடிக் குடுத்ததுதானே!”

ரவி இறங்கிப்போய் ஒரு பவுண்டு எண்பதுக்கு ஒரு தேநீர் வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். என்ன பாட்டு என்று கேட்டார். சொன்னேன். காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“அக்கா, என்ர அண்ணை கடைசிச் சண்டையிலை காணாமல் போனவர். இண்டைவரைக்கும் எங்கட வீட்டிலை ஒப்பாரி இல்லை. சொந்தக்காரப் பெண்டுகள் வந்து வாயெடுத்தாலே அம்மா எழும்பி உள்ளை போயிடுவா. ‘ஒப்பாரி வைச்சா அண்டைக்குத்தான் என்ர பிள்ளை செத்தவன்’ எண்டுவா. அம்மாவும் மூடநம்பிக்கைக்காரிதான், என்ன?”

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. ஒப்பாரி தெரியாத சாதியா நான்? பத்து வயதில் தெருமுனைச் சாவு வீட்டில் கேட்ட பாட்டை வீட்டுக்கு வந்து விளையாட்டாய் இழுத்துப் பாடி அம்மாவிடம் வாயில் அடி வாங்கியவள். “நல்ல நாளும் அதுவுமா யாருக்குடி பாடுற?” என்று கேட்டாள் அன்று. ரஷ்ய மொழி என்றதும் எனக்கு அது வெறும் ராகமாகிவிட்டது. வெட்கமாக இருந்தது.

9.20. மறுபடி ஏறித் தட்டினேன்; கதவு பழையபடி சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. சங்கிலிக்கு இந்தப்பக்கம் நின்றே சொன்னேன்: “எங்க ஊர்லயும் உயிரோட இருக்கிறவங்களுக்கு இதைப் பாட மாட்டாங்க. தெரிஞ்சும் செஞ்சுட்டேன். தப்பு என்னுது.”

சங்கிலி விலகியது. மேசையில் இரண்டு கைபேசிகள் மின்னேற்றத்தில் இருந்தன, மருத்துவமனை அழைப்புக்காக. வெரா உட்காரச் சொல்லவில்லை.

“அது எங்க அம்மாவுக்குப் பாடினது. பாடறதுக்கு முன்னாடி மூணு தடவை அவங்க பேரைச் சொன்னேனே. அன்னா, அன்னா, அன்னான்னு. அது எங்க போச்சு?”

நான்தான் வெட்டினேன். எந்தப் பதிவிலும் பாட்டுக்கு முன்னால் வரும் பேச்சு, செருமல், நாற்காலிச் சத்தம் எல்லாவற்றையும் முதல் வேலையாக நறுக்கித் தள்ளுவேன். அது என் தொழில் பழக்கம்.

“பேர் இல்லாத பாட்டு விலாசம் இல்லாத கடிதம். யார் கண்ணுல படுறாங்களோ அவங்ககிட்டப் போயிடும். இப்ப மீத்யாகிட்டப் போயிருக்கு.”

“திருப்பி அம்மாகிட்ட அனுப்பிடலாமா?” என்று கேட்டேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு தலையாட்டினார். மாற்றியதைக் காதால் கேட்ட பிறகுதான் கையெழுத்து என்றார்.

11.30. தோர்ண்டன் ஹீத். தமிழ்க் கடைகள் வரிசையில், நகைக்கடை ஒன்றின் பின்புறம் ஒலிக்கூடம். விஷயத்தைச் சொன்னதும் ஹெலன் தலையில் கை வைத்துக்கொண்டார். “பாட்டை எடுத்துட்டா அந்தக் காட்சியில என்ன இருக்கு? ஒரு ஆள் தண்ணி எடுக்கப் போறான், அவ்வளவுதான்.”

“அதேதான். உயிரோட இருக்கிற ஆள் தண்ணி எடுக்கப் போறான்.”

வெரா இன்னும் கோபமாக இருக்கிறாரா, பேசிச் சரிக்கட்ட முடியாதா என்று ஹெலன் இரண்டு முறை கேட்டார். முடியாது என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஐந்து மணிக்கு முன்னால் வேறு ஆள் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

வெராவுடைய அம்மாவின் கல்லறை படத்தில் நாற்பது விநாடிதான், பாட்டோ இரண்டே முக்கால் நிமிடம். ஒதுக்கிப்போட்ட காட்சிகளைத் தோண்டினோம். காலிக் கட்டில், ஆணியில் தொங்கும் சால்வை, மரச்சிலுவையில் உட்கார்ந்து எழுந்த காகம். நான் நறுக்கி எறிந்த மூன்று பெயர்களையும் எடுத்து முன்னால் ஒட்டினேன். மணி பன்னிரண்டைத் தாண்டியது. எங்கோ ஒரு மேசையில் மீத்யாவைப் படுக்க வைத்திருப்பார்கள். அவருடைய நடைக்கு இப்போது காலணிக்கடியில் பனி நொறுங்கும் சத்தமும் வாளியின் கிறீச்சும் மட்டுமே.

4.25. வெராவை அழைத்தேன், அவர் எண் வேறு அழைப்பில் இருந்தது. 4.31, அப்படியேதான். ஹெலன் அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். 4.40க்கு வெரா எடுத்தார்.

“போடு, கேக்கறேன்.”

தொலைபேசியை ஒலிபெருக்கியருகே பிடித்தேன். தன் குரல் தன் அம்மாவை மூன்று முறை அழைப்பதை அவர் கேட்டார். பாட்டு ஓடி முடிந்தது. பிறகு மீத்யாவின் காலடி.

“இப்ப சரியான இடத்துக்குப் போகுது,” என்றார்.

4.52க்குக் கையெழுத்துப் போட்ட தாளின் படம் வந்தது. ஹெலன் தொலைக்காட்சிக்குப் படத்தை அனுப்பும்போது நான் மறுபடி வெராவை அழைத்து மெல்லக் கேட்டேன், மீத்யா எப்படி என்று.

“இன்னும் உள்ளேதான் இருக்கான்.”

புதன் முழுக்கச் செய்தி இல்லை. சோறு இறங்கவில்லை எனக்கு. வியாழன் காலை பத்து மணிக்கு வெரா எழுதினார்: “கண் விழித்தான். உப்பில் ஊறவைத்த வெள்ளரிக்காய் கேட்டு நர்ஸிடம் திட்டு வாங்கினான்.” தெருவில், பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன். பாட்டை மாற்றியதால் பிழைத்தார் என்று நான் சொல்லவில்லை. மாற்றாமல் விட்டு, அவர் பிழைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

சனி காலை 9.00. ரவிதான் மறுபடி ஹீத்ரோவில் இறக்கிவிட்டார். அவருடைய அண்ணன் பெயரைக் கேட்க நினைத்து, கேட்கவில்லை. “போயிட்டு வாங்கோ அக்கா,” என்றார்.

வரிசையில் நிற்கும்போது சென்னையிலிருந்து என் தம்பி செந்தில் அழைத்தான். அங்கே மதியம் இரண்டரை. வேலை நடந்த மூன்று மாதமும் என் வீட்டில்தான் அவனுக்கு மதியச் சோறு. நான் பரிமாறிக்கொண்டே அந்த ராகத்தை முனகுவேன், அவன் ரசித்துச் சாப்பிடுவான்.

“என்னக்கா, குரலே சரியில்ல? எப்பவும் அந்த ரஷ்யப் பாட்டை முனகிட்டே இருப்பியே. நல்லாருக்கும்ல? கொஞ்சம் பாடேன்.”

“மாட்டேன்டா.”

“ஏன்க்கா?”

“நீ சாப்பிட்டியா? மொதல்ல அதைச் சொல்லு.”