கஞ்சிக்கு உப்புப் பார்த்தவன்

பிள்ளைகளைச் சாப்பிட வைப்பது எப்படி என்று ஒரு பள்ளிக்கூடப் பெற்றார் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் பேசியவன் நான். இதை நானே ஒத்துக்கொண்டுவிடுவது நல்லது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் புத்தளம் முழுக்க நடமாடுகிறார்கள். பிள்ளையைக் குசினிக்குள் விடுங்கள், தானே வெட்டித் தானே கிண்டித் தானே இறக்கிவைத்த கறியை எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். தொலைபேசியில் பார்த்த ஒரு காணொளிதான் இந்தத் துறையில் என் முழுக் கல்வித் தகைமை. கைதட்டினார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

அன்று மாலையே வீட்டில் பரிசோதனை. என் எட்டு வயது மகளுக்கு முயல் படம் போட்ட ஏப்ரன் ஒன்று வாங்கினேன். அதே துணியில் பெரியவர்களுக்கும் இருந்ததால் எனக்கும் ஒன்று. அவள் பூசணிக்காய் வெட்டினாள், தேங்காய்ப்பால் பிழிந்தாள், கறியை இறக்கினாள், ஒரு கோப்பையில் அழகாக ஊற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "வாப்பா, இது உங்களுக்கு. எனக்கு நூடில்ஸ்" என்றாள். மூன்று வேளை அந்தப் பூசணிக்காயை நான் தனியாகத் தின்று தீர்த்தேன். ஆட்கள் வருகிற நேரம், அந்த ஏப்ரனையாவது கழற்றுங்கள் என்று மனைவி சொன்னார்.

முயலைக் கழற்றிக் கொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது. இதே வித்தையை என்மேல் ஒருவர் எப்போதோ செய்து வென்றிருந்தார். எந்தக் காணொளியும் பார்க்காமல்.

எனக்கும் அப்போது எட்டு வயது. மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது நாங்களும் தோணியில் வந்து இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புத்தளத்துப் பாலாவிச் சந்தியிலிருந்து உள்ளே போனால் ஒரு தென்னந்தோட்டம். அதற்குள் தென்னங்கிடுகால் வேய்ந்த வீடுகள் வரிசையாக. மன்னாரில் கடை வைத்திருந்த வாப்பா, இங்கே உப்பளத்தில் உப்பு அள்ளினார். உம்மா, என்னைவிட ஐந்து வயது மூத்த ராத்தா, நான். ஆக நாலு பேர், அதில் சாப்பிடுகிறவர்கள் மூன்று பேர்.

நான் சாப்பிடாததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மீன் எங்கள் மீன் இல்லை. நிவாரண அரிசியில் சாக்கு மணத்தது. கிணற்றுத் தண்ணீர் கரித்தது, அதில் போட்ட தேத்தண்ணியும் கரித்தது. பாணின் நடுவை மட்டும் பிய்த்துச் சீனி தொட்டுத் தின்பேன். மனிதன் உயிர்வாழ அது போதும் என்பது என் கருத்து. உம்மாவின் கருத்து வேறு. குளிப்பாட்டும்போது என் விலா எலும்புகளில் விரலை ஓட்டிப் பார்ப்பார். ஓதிய தண்ணீர் தந்தார். மிரட்டினார். கெஞ்சினார். ராத்தா கோழி மாதிரியும் பூனை மாதிரியும் கத்திக்காட்டினா. நான் வாயைத் திறந்து சிரித்துவிட்டு, சோறு வரும்போது மூடிக்கொண்டேன்.

இப்படிப்பட்டவனுக்கு நோன்பு மாதம் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மற்ற மாதமெல்லாம் குற்றமாக இருந்தது இந்த ஒரு மாதத்தில் நன்மையாகிவிடுகிறது. சாப்பிடாமல் இருப்பதில் அந்தத் தோட்டத்திலேயே என்னைவிட அனுபவம் உள்ளவன் கிடையாது. என் வயதுப் பையன்கள் எத்தனை நோன்பு பிடித்தோம் என்று விரல் மடக்கத் தொடங்கியிருந்தார்கள். நானும் கேட்டேன். உம்மா மறுத்துவிட்டார்.

"முதல்ல உடம்புல இறைச்சி வரட்டும் மகன், பொறகு நோன்பு வரட்டும்."

நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, ஒரு பதவியைத் தந்தார்.

"நோன்போட நான் எப்படி உப்புப் பாக்குற? வாப்பா நோன்பு, ராத்தா நோன்பு. இந்த வீட்டுல நாக்கு இருக்கிற ஆள் நீங்க ஒராள்தான்."

இப்படி ஒரு பேச்சை அதற்கு முன்னும் பின்னும் எவரும் என்னைப் பற்றிப் பேசியதில்லை. அன்றே வேலையில் சேர்ந்தேன். அரிசியில் கல் பொறுக்கினேன். உள்ளிப் பூடு உரித்தேன். ரம்பை இலையை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். பின்னேரம் அசர் தொழுகை முடிந்து உம்மா அடுப்படிக்கு வந்ததும், நெளிந்த அலுமினியக் கோப்பை ஒன்றில் நோன்புக் கஞ்சியை ஊற்றி, ஊதி ஆற்றி, என் கையில் தருவார்.

"நுனி நாக்குல வச்சா உப்புத் தெரியாது மகன். வயித்துக்குள்ள போனாத்தான் தெரியும். முழுசாக் குடிச்சிட்டுச் சொல்லுங்க."

நம்பினேன். நீதவான் மாதிரி முகட்டைப் பார்த்தபடி குடித்து முடித்து, "காணாது" என்பேன். முதல் தடவையிலேயே சரி என்று சொல்வது பதவிக்கு அழகில்லை என்று எனக்குத் தோன்றியிருந்தது. உம்மா உப்புச் சட்டிக்குள் கையை விட்டு எடுத்துக் கஞ்சிக்கு மேலே விரல்களை உதறுவார். மறுபடி அரைக் கோப்பை. "இப்ப சரி." கோப்பையை வாங்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்து உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பார். பத்தாம் நோன்பு வருவதற்குள் என் அதிகாரம் கறி ஆணத்துக்கும் பருப்பு வடைக்கும் விரிந்திருந்தது. வடையை முழுதாகத் தின்றால்தான் உப்புத் தெரியுமாம். அதையும் நம்பினேன். சட்டை கொஞ்சம் இறுகியது. துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது என்று நினைத்தேன்.

பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சும் முறை ஒருநாள் எங்களுக்கு வந்தது. பள்ளியும் கிடுகுக் கொட்டில்தான். ஒவ்வொரு நாளும் ஒரு வீடு பெரிய சட்டியில் காய்ச்சிக் கொடுக்க வேண்டும். மன்னாரில் எங்கள் தெருவில் உம்மாவின் கஞ்சிக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எங்களோடு தோணியில் ஏறி வரவில்லை. இங்கே ஒரு பெண்ணுக்குப் பெயர் கிடைப்பதென்றால் அந்தச் சட்டிக்குள்ளிருந்துதான் கிடைக்க வேண்டும். இரண்டு நாளாக உம்மா அதே நினைப்பாக இருந்தார். வாப்பா மாட்டெலும்பு வாங்கிவந்தார்.

அன்றைக்குக் காலையில்தான் பக்கத்து வீட்டுப் பையன் பத்துப் பேருக்கு முன்னால் என்னிடம் சொன்னான்: "உனக்கெல்லாம் நோன்பு வராதுடா. நீ உங்கும்மாட அகப்பை."

பதவிக்குக் கிடைத்த இந்தப் பெயரை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே நோன்பு வைத்துக்கொண்டேன். விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு நான் எழும்பியிருக்கவில்லை, காலைப் பாணையும் இன்னும் தொட்டிருக்கவில்லை என்பது வசதியாகப் போயிற்று. அந்தப் பாணும் பகல் பாணும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போயின. பிற்பகலில் தென்னை மரங்கள் கொஞ்சம் ஆடின, காற்று இருக்கவில்லை.

அசருக்குப் பிறகு, வெளியே மூன்று கல்லில் கொதித்த பெரிய சட்டியிலிருந்து உம்மா எனக்குக் கோப்பையை நிரப்பித் தந்தார். எலும்பும் உள்ளியும் தேங்காய்ப்பாலுமாக ஆவி முகத்தில் அடித்தது. சாப்பாட்டுக்கு மணம் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஊதி ஆற்றுகிறவன் போலத் திரும்பி நின்று, வீட்டுக்குப் பின்னால் இருந்த சாம்பல் குவியலில் ஊற்றினேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, வழக்கம்போல முகட்டுக்குப் பதிலாக வானத்தைப் பார்த்து, "காணாது" என்றேன்.

உம்மா ஒரு கணம் சட்டியைப் பார்த்தார். பிறகு உப்பை அள்ளிப் போட்டார். இரண்டு கை. அடுத்த அரைக் கோப்பையும் சாம்பலுக்கே போயிற்று. "இப்ப சரி" என்றேன். அவர் வெறுங்கோப்பையைச் சாய்த்துப் பார்த்துச் சிரித்தார்.

பள்ளியில் வாப்பாவுக்குப் பக்கத்தில், நோன்பாளிகளின் வரிசையில் உட்கார்ந்தேன். பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம். பிறகு கஞ்சி. முதல் வாய் உள்ளே இறங்கியபோது என் காது அடைத்து, கண் இருண்டு, திரும்ப வெளிச்சம் வந்தது. அதுபோல ஒன்றை நான் அதுவரை குடித்ததில்லை. எலும்பிலிருந்து கழன்ற இறைச்சித் துணுக்கை மெல்லாமல் விழுங்கினேன். இரண்டாம் கோப்பை வாங்கினேன். மூன்றாவதும் வாங்கினேன். அதன் பாதியில்தான் பள்ளி வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். எல்லோரும் தண்ணீர் கேட்டுக் கொண்டிருந்தார்கள்.

"உப்பளத்துல இண்டைக்கி என்ன மிச்சம்? எல்லாம் இங்கதானே இருக்கு" என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. பகல் முழுக்க உப்புச் சுமந்துவிட்டு வந்திருந்த வாப்பா, தலையை நிமிர்த்தாமல் தன்னுடையதைக் குடித்து முடித்தார். பிறகு கோப்பையை நீட்டி இன்னொன்று கேட்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது, எங்களுக்கென்று எடுத்துவைத்த கஞ்சியை உம்மாவும் வாய்வைத்துப் பார்த்திருந்தார். ராத்தா மூலையில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றா.

"கஞ்சி எப்படி மகன்?" என்று உம்மா கேட்டார்.

"நல்லா இருந்திச்சு உம்மா. மூணு கோப்பை குடிச்சேன்."

"மூணா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "இண்டைக்கி நோன்பா நீங்க?"

"ஓம்."

விளக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நான் தட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சாம்பல் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சாம்பலில் வெள்ளையாகப் பருக்கைகள் கிடந்தன. விளக்கைக் கிட்டப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. உப்பால் பெயர் போய்விட்டதென்று அழுகிறார் என்று முடிவு செய்தேன். பெயர் போக்கியவன் நான். திரும்பி வந்தவர் ஏசவில்லை, அடிக்கவில்லை. என் சட்டையைத் தூக்கி, வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். கை சாம்பலாக இருந்தது.

அடுத்த நாள் அசருக்குப் பிறகு வழக்கம்போலக் கூப்பிட்டார்: "மகன், வாங்க உப்புப் பாக்க." இவ்வளவு பெரிய பிழைக்குப் பிறகும் பறிக்க முடியாத அளவுக்கு என் நாக்குக்கு மதிப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரே வித்தியாசம், அன்றிலிருந்து அவர் எனக்கு முன்னால் குந்தியிருந்து, நான் விழுங்கும்போது தொண்டையைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

உம்மா மௌத்தாகி, மண்ணில் அடக்கி இரண்டு வருஷம். இப்போது பள்ளிகளில் நல்ல கஞ்சி தருகிறார்கள், கோழி போட்டது, உப்பு அளவாக இருக்கிறது. ஒரு கோப்பையைப் பாதியில் வைத்துவிடுகிறேன். எங்கேயாவது யாராவது உப்பை அள்ளிக் கொட்டியிருக்க மாட்டார்களா என்று ஒவ்வொரு வருஷமும் முதல் வாயில் ஓர் எதிர்பார்ப்பு. குசினி வாசலில் நின்றாலும் எவரும் என்னிடம் உப்புப் பார்க்கச் சொல்வதில்லை. நானாகப் போய்க் கேட்டால், பிரஷர் இருக்கிற ஆளுக்கு உப்பு எதற்கு என்கிறார்கள்.

பூசணிக்காய்க் கறியின் மூன்றாம் வேளையில் மனம் தாங்காமல் மதுரங்குளியில் இருக்கும் ராத்தாவுக்கு அழைப்பெடுத்தேன். இவ்வளவு காலம் யாரிடமும் சொல்லாத குற்றத்தைச் சொன்னேன். பள்ளிக் கஞ்சியில் உப்புக் கூடியதும், உம்மாவின் பெயர் போனதும் என்னால்தான் என்றேன்.

"தம்பி, நீ சொல்லித்தான் உம்மா உப்புப் போட்டா எண்டா இவ்வளவு நாளும் நெனச்ச?"

"வேற எப்படி?"

"உம்மா தொழப் போன நேரம், உதவி எண்டு நெனச்சு நான் உப்புப் போட்டுட்டேன். சொல்ல மறந்துட்டேன். அது தெரியாம அவ தன்ட அளவுக்குப் போட்டா. நீ கண்ட ரெண்டு கை அதுதான். மத்த நாளெல்லாம் நீ காணாது எண்டா வெறுங்கையத்தானே உதறுவா. உன்ட வாயக் கேட்டு உம்மா உப்புப் போட்டதே இல்ல. உன்ட கோப்பையத்தான் பார்த்தா."

சாம்பலும் விளக்கும் குந்தியிருந்த முதுகும் கண்ணுக்குள் வந்து நின்றன. பெயருக்காக அல்ல, நான் குடிக்காமல் விட்ட அந்தப் பருக்கைகளை அவர் எண்ணிக்கொண்டிருந்தாரோ என்று இப்போது தோன்றியது. கேட்பதற்கு ஆள் இல்லை.

"இதை எழுதப்போறேன் ராத்தா" என்றேன்.

"எழுது. ஆனா உப்புப் போட வச்சது நீ எண்டே எழுது" என்றா ராத்தா. "அந்தத் தோட்டத்து ஆக்கள் பாதிப் பேர் இப்ப எங்க ரோட்டுலதான் இருக்காங்க."