கருப்பசாமி அறைந்த கன்னம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கும்போது எனக்கு வாய் கோணிப் போனது. கொப்பளித்த தண்ணீர் நேராக விழாமல் இடது ஓரமாக வழிந்து பனியனை நனைத்தது. கண்ணாடியைப் பார்த்தேன். முகத்தின் இடது பாதி வேலைநிறுத்தத்தில் இருந்தது. இடது கண் மூட மறுத்தது. வாய் மொத்தமும் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு, யாரையோ கேலி செய்வதுபோல இருந்தது. கேலி செய்வது என் பழக்கம்தான் என்றாலும் அந்த நேரத்தில் நான் யாரையும் கேலி செய்யவில்லை.

சத்தம் கேட்டு மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் "சொன்னேன்ல" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அவள் எதைச் சொன்னாள் என்பது புரிய, முந்தின வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாசி மாதம் குலசாமி கும்பிட நரிக்குடிப் பக்கம் போயிருந்தோம். எங்கள் கருப்பசாமி கருவேலங்காட்டுக்கு நடுவே, கையில் அரிவாளோடு வெட்டவெளியில் நிற்கிறவர். இந்த வருஷம் பங்காளிகள் சேர்ந்து அவருக்குக் கான்கிரீட் கூரை போட்டு, முன்னால் இரும்பு கிரில் கேட் வைத்து, பூட்டும் தொங்கவிட்டிருந்தார்கள். ராத்திரி முழுக்கக் குதிரையில் ஏறி ஊரைக் காவல் காக்கிற சாமி என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். சும்மா இருந்திருக்கலாம். "ராத்திரி வேட்டைக்குக் கெளம்பணும்னா சாவிய யாருகிட்டக் கேப்பாரு?" என்று கேட்டுவிட்டேன். பொங்கல் பானையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அந்தச் சாவியை வைத்திருப்பவரே அவர்தான், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. சாமி இருக்கும் இடத்தில் வாயை அடக்கச் சொன்னாள்.

பாளையம்பட்டியில் எனக்கு ஒரு பெயிண்ட் கடை இருக்கிறது. கல்லாவுக்கு மேலே சாமி படம் மாட்டாத கடை அந்த வரிசையிலேயே அது ஒன்றுதான். அதனால் என் வாய் கோணிய செய்தி வழக்கத்தைவிட வேகமாகப் பரவியது. பெயிண்ட் வாங்க வந்தவர்களைவிட என்னைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். முகத்தில் கவலையை வைத்துக்கொண்டு வந்து, திரும்பிப் போகும்போது ஏதோ பாக்கி வசூலானதுபோல நிம்மதியாகப் போனார்கள்.

அருப்புக்கோட்டை டாக்டர் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முகவாதம் என்றார். முகத்துக்கு வருகிற நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும் என்று சொல்லி மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதினார். எதனால் வந்தது என்று மனைவி கேட்டாள். வைரஸாக இருக்கலாம், இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். அந்த நேர்மை எனக்கு வினையாகப் போயிற்று. "சொல்ல முடியாது" என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், டாக்டர் எழுந்து கருப்பசாமிக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. முகத்துக்குப் பயிற்சி சொல்லித்தந்த பெண், பலூன் ஊதுங்கள், கன்னத்தை உப்புங்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்காற்று வாங்காதீர்கள் என்றாள். அதையும் என் மனைவி கவனமாகக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

முதலில் வந்தவர் சாவிக்கார அண்ணன். ஒரு டஜன் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, "நான் அன்னைக்கே மனசுல நெனச்சேன்" என்றார். மனசில் நினைத்ததை அப்படியே மறைத்து அவ்வளவு பெரிய சிரிப்பு சிரிக்க முடிந்தது எப்படி என்று கேட்க ஆசைப்பட்டேன். ஆனால் வாய் கோணினால் உதடு ஒட்ட வேண்டிய எழுத்தெல்லாம் காற்றாகப் போய்விடும். கருப்பசாமி என்ற பெயரே எனக்கு ஒழுங்காக வரவில்லை. அடிக்கடி கைக்குட்டையால் கடைவாயைத் துடைத்துக்கொண்டு பகுத்தறிவு பேசினால் யார் மதிப்பார்கள்?

பக்கத்துக் கடைத் தையல்காரர் கிறிஸ்தவர், நல்ல மனிதர். ஆண்டவர் யாரையும் இப்படி அடிக்க மாட்டார், இது சோதனை என்று சொல்லி என் கன்னத்தில் கை வைத்து ஜெபித்தார். எதிரே டயர் கடை வைத்திருக்கும் பாய், நோய் வந்தால் மனுஷனுடைய பாவம் கழுவப்படும் என்று தங்கள் பெரியவர்கள் சொல்வார்கள் என்றார். அரை முகத்தில் வந்ததால் பாதிப் பாவம்தான் போகுமா என்று எழுதிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே தேநீர் சொன்னார். இவர்களையெல்லாம்விட என்னைப் படுத்தியவர் என் சொந்தக் கட்சிக்காரர். சாமி இல்லை என்று என்னோடு சேர்ந்து டீக்கடையில் வாதாடுகிற பள்ளிக்கூட வாத்தியார். நோய் வெறும் நோய்தான் என்று சொல்லிவிட்டு, "சீக்கிரம் நேராக்கிருங்க, இல்லைன்னா நமக்குப் பெரிய அவமானம்" என்றார். என் முகம் அன்றோடு பொதுச்சொத்தானது.

எங்கள் பக்கம் எல்லாமே தண்டனைதான். ஐப்பசியில் மழை இல்லையென்றால் கும்பிடு நின்றுபோன குற்றம். கும்பிடு நடத்தி, தையில் மழை வந்து காயப்போட்ட மிளகாயை நனைத்தால் கும்பிட்டதில் குற்றம். வானம் தன் போக்குக்கு ஒரு நாள்கூடப் பெய்யவோ காயவோ எங்கள் ஊரில் அனுமதி இல்லை. கலப்பட உரம் விற்று, நரிக்குடியிலிருந்து மல்லாங்கிணறு வரைக்கும் வெள்ளாமையைக் கருக்கிய ஒருவருடைய வாய் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும், சாமி அவருக்குத் தனியாக வைத்திருக்கிறது என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே மனைவி சொன்னாள். என் வாய் நேரானால் கருப்பசாமிக்கு முடி இறக்குவதாக நேர்ந்திருக்கிறாள்.

"யாரு முடிய?"

"ஒங்க தலையில எறக்க என்ன இருக்கு?" என்றாள்.

அது உண்மைதான். அவள் தலையிலோ இடுப்புக்குக் கீழே விழுகிற முடி. ஐம்பதைத் தாண்டியும் நரை நாலு இழைதான். ஈர முடியை அவள் முன்பக்கம் போட்டுத் துண்டால் தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் எனக்குப் பொழுது விடியும். எனக்கு அது உயிர். டாக்டர்தான் தானாகவே சரியாகும் என்று சொல்லிவிட்டாரே என்றேன். சரியாகட்டும், அதற்குத்தானே நேர்ந்திருக்கிறேன் என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்குப் பகீரென்றது. கேலி செய்தவன் நான், சரிசெய்யப் போவது மாத்திரை, போகப் போவது அவள் முடி.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், உதட்டைக் குவித்தேன். விசில் வந்தது. சந்தோஷத்தில் இன்னொரு தடவை அடித்தேன். மூன்றாவது தடவை அடிக்கும்போது அவள் முடி ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். கண்ணாடியில் என் வாய் கல்யாணப் போட்டோவில் இருப்பதுபோல நேராக இருந்தது. இப்படி ஒரு கெட்ட செய்தியை என் முகம் எனக்குச் சொன்னதே இல்லை.

அன்றிலிருந்து நடிக்க ஆரம்பித்தேன். மூடாத கண்ணுக்காகப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. காப்பி குடிக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தினேன். பலூனைப் பாதி ஊதிவிட்டுக் களைத்துப்போனவன்போல அவளிடம் நீட்டினேன். நல்ல முகத்தைக் கோணலாகவே வைத்திருப்பது லேசான வேலை இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்குள் தாடை வலித்துவிடும்.

மாட்டிக்கொண்டது சாவிக்கார அண்ணனால். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். நான் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தேன், நேரான வாயால். பதறிப்போய் வாயை இழுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் கவனிக்கவில்லை. கொஞ்சம் தேவலாம்போலத் தெரிகிறது, எல்லாம் அவன் கருணை என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார். அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு மனைவி திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"இழுக்குறதுதான் இழுக்குறீக, எந்தப் பக்கம்னு ஞாபகம் வச்சு இழுக்கக் கூடாதா?" என்றாள்.

இத்தனை நாளும் வலது பக்கம் இழுத்த வாயை அன்றைக்கு இடது பக்கம் இழுத்துவிட்டிருக்கிறேன்.

அகப்பட்டவனுக்கு வருகிற கோபம் எனக்கும் வந்தது. ஒரு கேலியைத் தாங்க முடியாமல் பெயிண்ட் கடைக்காரனைக் கன்னத்தில் அறைகிறவர் என்ன சாமி என்று கத்தினேன். உரக்காரரைத் தெரியாதா அவருக்கு, அரிவாள் எதற்கு வைத்திருக்கிறார், உன் முடியை வாங்கி என்ன செய்யப் போகிறார் என்று கேட்டேன். பேச்சு தெளிவாக வந்தது, அதுவே அவளுக்குச் சாட்சியாகவும் போனது. நான் முடிக்கும்வரை இருந்துவிட்டு, தரையில் கிடந்த முறுக்குத் துண்டைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"சாமி அடிச்சதுன்னு சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? சாமின்னா போயி அழுகலாம், சண்ட போடலாம், இதத் தாரேன் விட்ருன்னு கேக்கலாம். நரம்புன்னா நான் எங்கிட்டுப் போயி யாருகிட்டக் கேக்க?"

டீக்கடை வாதத்தையெல்லாம் ஒதுக்கி வைத்தேன். கடைசியில், நான் ஏன் நடித்தேன் என்பதைச் சொன்னேன். அந்த முடி எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றேன். முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு சேவல நேந்துட்டுப் போயிருப்பேன்ல" என்றாள்.

அடுத்த வாரம் நரிக்குடிப் பக்கம் போனோம். கிரில் கேட் பூட்டியிருந்தது. சாவிக்கார அண்ணன் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம், வந்துகொண்டிருக்கிறாராம். உள்ளே கருப்பசாமி அரிவாளோடு நிற்க, வெளியே நாங்கள் இரண்டு பேரும், முடி எடுக்க வந்தவரும் வெயிலில் நின்றோம். நான் பூட்டைப் பார்த்தேன், சாமியைப் பார்த்தேன், வாயைத் திறக்கவே இல்லை. திரும்பினால் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். மாசியில் சிரிக்க வேண்டியதை அன்றைக்குத்தான் சிரித்தாள்.

முடி இறக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றவளைப் பார்த்தால் சின்னப் பெண்போல இருந்தாள். கருப்பசாமிமேல் எனக்கு வருத்தம்தான், அதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்காரப்போன என்னை அவள் எழுப்பிவிட்டாள். "எதிர்காத்து ஆகாதுன்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சுல்ல, தள்ளுங்க" என்று தான் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் வேகமெடுத்ததும் காற்று அவள் மொட்டைத் தலையில் அடித்தது, சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. என் துண்டை எடுத்து அவள் தலையில் போடப் போனேன். அவள் அதை வாங்கி, என் இடது கன்னத்தையும் காதையும் சேர்த்து இறுக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள். திருச்சுழி வரும்வரை நான் அதை அவிழ்க்கவில்லை.