நெஞ்சு நின்ற பிறகு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வார்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நோயாளியின் கட்டிலில் சம்மணமிட்டு இட்லி தின்கிறவர்கள், ஆக்சிஜன் குழாய்மேல் துண்டைக் காயப்போடுகிறவர்கள், யாரையும் விட்டதில்லை. இத்தனை வருடத்தில் நான் திட்டியவர்களில் ஒருவர் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. சாலவாக்கம் பக்கத்து விவசாயி ஒருவரின் அண்ணன் அவர்.

திருப்புலிவனம் என் ஊர். உத்திரமேரூர் வந்து பஸ் மாறி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறேன். நான் சேர்ந்த புதிதில் வார்டில் ஒருவருக்கு நெஞ்சு நின்றுவிட்டால், அதை முதலில் எங்களுக்குச் சொல்வது பக்கத்தில் இருக்கிற உறவுக்காரரின் அலறல்தான். இல்லாவிட்டால், ஊசி போடப் போகும்போது கையைத் தொட்டால் சில்லென்று இருக்கும். டாக்டர் வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார். நாங்கள் போர்வையை மேலே இழுத்துவிடுவோம். போனது போனதுதான் என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது அப்படி இல்லை. நெஞ்சு திடீரென்று நின்றது என்று வெளியே சொல்லிக்கொள்கிறோமே தவிர, பாதிப் பேருக்கு அது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. மூச்சு வேகமாகும், பிரஷர் இறங்கும், ஆள் சம்பந்தமில்லாமல் பேசுவார். அதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டோம். நின்றாலும் உடனே அமுக்க, ஷாக் கொடுக்க, பொம்மையை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். நடுவில் கொரோனா வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. அந்தப் பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு கட்டிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை பேர் போய்விட்டார்கள். பிறகு மெல்லத் தேறினோம். முன்பைவிட இப்போது அதிகம் பேர் திரும்பி வருகிறார்கள். ஆனாலும் வராதவர்கள்தான் இன்னும் அதிகம்.

அந்த விவசாயிக்கு மண்வெட்டி பட்ட காலில் சீழ் பிடித்திருந்தது. சர்க்கரை வேறு. அந்த நச்சு உடம்பெல்லாம் ஏறித்தான் வந்து சேர்ந்தார். ஒரு மத்தியானம், பார்க்க வருகிறவர்கள் நிறைந்திருந்த நேரத்தில், கண்ணை மேலே செருகினார். நாடி இல்லை. நான் ஸ்டூலில் ஏறி நெஞ்சை அமுக்க ஆரம்பித்தேன். விலா எலும்பு ஒன்று முறிந்தது கைக்குத் தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் அவருடைய அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். இன்னொரு கையில் தண்ணீர் டம்ளர்.

"வுட்ரும்மா. போற உசுர ஏம்மா இந்தப் பாடு படுத்தற? வாயில ரெண்டு சொட்டு தண்ணி வுட்டுக்கறேன்."

"யோவ், கைய எடுய்யா. அந்தத் தண்ணி நுரையீரலுக்குத்தான் போவும். நீயே சாவடிச்சிடுவ" என்றேன். அண்ணன் வயதில் என் அப்பா மாதிரி. யோவ் என்றுதான் கத்தினேன். டாக்டரும் மற்றவர்களும் ஓடிவந்து அவரை வெளியே அனுப்பினார்கள். இரண்டாவது ஷாக்கில் நாடி திரும்பியது. தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் சேர்த்தோம்.

அரை மணி நேரத்தில் அண்ணன் வாசலில் வேன் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். எங்கள் பக்கத்தில், வெளியே உயிர் போனால் உடலை வீட்டுக்குள் எடுத்துப்போக மாட்டார்கள். தெருவில் பந்தல் போட்டு அங்கேயே குளிப்பாட்டி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். அதனால் டாக்டர் முகம் கொஞ்சம் சுருங்கினாலே, உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று கிளம்புகிறவர்கள் நிறைய உண்டு. அதுவும் அந்த விவசாயி பாடுபட்டுப் புதிதாக வீடு கட்டியிருந்தார். தம்பியைத் தெருவில் கிடத்திவிடக் கூடாது என்பதுதான் அண்ணனுக்கு. பாசம் இல்லாத மனுஷன் இல்லை. அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தும் எரிச்சலாக இருந்தது. நின்று திரும்பிய நெஞ்சுக்கு முதல் ஒரு நாள்தான் கண்டம். அந்த நேரத்தில் வேனில் ஏற்றுவதைவிடப் பெரிய கொடுமை இல்லை.

டாக்டர் எடுத்துச் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. கடைசியில் விவசாயியின் மனைவிதான் முடிவு சொல்ல வேண்டும் என்று வந்து நின்றது. அதுவரை சுவரோரம் நின்றிருந்த அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"உன் வூட்டு ஆளா இருந்தா நீ இன்னா பண்ணுவ சிஸ்டர்?"

இப்படிக் கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்று நழுவிவிடுவதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு என்னால் நழுவ முடியவில்லை.

"நான் வெச்சிருப்பேன். ஆனா பொழைப்பாருன்னு சொல்ல மாட்டேம்மா. நெஞ்சு நின்னு வந்தவங்க நெறைய பேரு வூடு திரும்பறது இல்ல. இப்ப வண்டியில ஏத்தினா வழியிலயே போயிடுவாரு."

அவர் கணவரின் அண்ணன் பக்கம் திரும்பாமல், புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே, "வண்டிய அனுப்பிடுங்க மாமா" என்றார்.

"யோசிச்சிக்க. இங்க ஒண்ணு ஆச்சின்னா தெருவுலதான் கெடப்பான். அவன் கட்ன வூட்டுல ஒரு நாழி கூட வெக்க வுட மாட்டாங்க."

"கெடக்கட்டும்."

மூன்றாம் நாள் அவர் கண் விழித்தார். குழாயை எடுத்த பிறகு என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "நெஞ்சு மேல ஏறி மிதிச்சது நீதானா? மூச்சு வுட முடியல." நான் சிரித்துவிட்டு, எலும்பு சேர்ந்துவிடும், கோபம் வேண்டாம் என்றேன். பேச்சு வந்ததும் மனைவியை நாளெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள். பிழைத்துக்கொள்வார் என்று நானும் நம்பிவிட்டேன். நம்பியிருக்கக் கூடாது, காலில் இருந்த சீழ் அடங்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்துக் காலை வேலைக்குப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. விடிகாலையில் மறுபடி நின்றிருக்கிறது. உடனே பார்த்துவிட்டார்கள், அமுக்கினார்கள், ஷாக் கொடுத்தார்கள், எதிலும் குறை இல்லை. திரும்பவில்லை.

நர்ஸ்கள் சாவு வீட்டுக்குப் போவதில்லை. போகத் தொடங்கினால் வேறு வேலை பார்க்க முடியாது. அன்றைக்கு நான் பாதி நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வெச்சிருப்பேன் என்று சொன்னவள் நான்தானே. அந்த அம்மா மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் போனேன்.

புது வீட்டின் எதிரே, தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். பெஞ்சில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வண்டிகள் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன, புழுதி அவர்மேல் படாமல் ஒருவர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மா தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய்க் குந்தினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கே இட்டாந்திருந்தா நடுவூட்டுல பொணமாத்தான் இருந்திருப்பாரும்மா. ஒரு வாரம் பேசிக்கினு இருந்தாரு. கழனிக்குத் தண்ணி வுட்டியா, மாட்டுக்குத் தீனி வெச்சியான்னு ஒரே பேஜாரு." கணவர் முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டினார். "நேத்து சாயங்காலம் நீ சாப்டியான்னு கேட்டாரு. கட்டிக்கினு வந்த நாளா அந்த வார்த்த அவரு வாயில வந்ததே இல்ல. அத்த கேட்டுட்டேன் இல்ல. இவரு தெருவுல கெடந்தா இன்னா."