பீடத்துத் திரையில் ஒட்டிய ஸ்டிக்கர்

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பழைய பனியன் குடோனில்தான் எங்கள் சபை கூடுகிறது. ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் லைட் போட்டால்தான் பைபிள் வாசிக்க முடியும். நான் இருபத்தைந்து வருடமாக ஒரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். தைத்து வருகிற உருப்படியில் குறை தெரிந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. டெய்லர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது, ஒருத்தியைத் தவிர.

அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம். அவள் மகளுக்கு இதே குடோனில் ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் நான்.

போன ஈஸ்டருக்குப் பீடத்தின் இரு பக்கமும் தொங்கவிட வெள்ளைத் திரை வேண்டும் என்றார் போதகர். அக்கா ஓவர்டைம் முடிந்து வந்து, தூக்கத்தைக் கெடுத்துத் தைத்துக் கொடுத்தாள். திரையைத் தொங்கவிட்டதும் என் கண் சும்மா இருக்குமா? வலப்பக்கம் பளீர் வெள்ளை, இடப்பக்கம் லேசான பழுப்பு. வேறு வேறு லாட்டில் வெளுத்த துணி என்று அடித்துச் சொன்னேன். அதோடாவது விட்டேனா? கைப்பையில் கிடந்த ஸ்டிக்கரை உரித்து இடப்பக்கத் திரையில் ஒட்டினேன். விளையாட்டுக்குத்தான். நாலு பேர் சிரித்தார்கள். ஒரே ரோலில் வெட்டிய துணி என்று மட்டும் அக்கா சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. சபையில் இருந்த செக்கிங் ஆட்கள் என் கட்சி, டெய்லர்கள் அக்கா கட்சி. முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம் என்று பாய் விரித்தோம். எதிரே வந்தால் ஸ்தோத்திரம் சொல்வதுகூட நின்றது. கமிட்டிக்காரர்கள் திரையைக் கழற்றி பீரோவில் வைத்தார்கள். அக்கா வருவதையே நிறுத்திவிட்டாள். நானா போய்க் கூப்பிடுவது என்று நானும் வீம்பாக இருந்தேன்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசித்து அறிவிப்பார்கள். அக்கா மகளுக்கு வேறொரு சபையில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று என்று யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வாரம் நான் சபையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது லைட் மாற்ற எலக்ட்ரீசியன் வந்தார்.

"ஏனுங்க, இந்தப் பக்கம் மஞ்ச லைட்டுங்க, அந்தப் பக்கம் வெள்ளைங்க. ரெண்டும் ஒண்ணாப் போட்றலாங்களா?" என்றார் பீடத்தின் இடப்பக்கம் ஏணியில் நின்றபடி.

துடைப்பத்தைக் கீழே போட்டேன். கம்பெனியில் லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்காமல் ஒரு பட்டனுக்குக்கூட நிறம் சொல்லமாட்டேன். பீரோவைத் திறந்து இரண்டு திரையையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தேன். இரண்டும் ஒரே வெள்ளை. ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்தது.

சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய், தப்பு லைட்டில் என்றேன். அவள் காபியை என் முன்னால் வைத்தாள்.

"துணிக்கா நான் கோவிச்சேன்? ஆறு நாளும் உன்னய மாதிரி ஒருத்தி ஒட்டுத ஸ்டிக்கரத்தான் கிழிச்சுட்டுக் கெடக்கேன். ஞாயித்துக்கெழம ஒருநாளாவது அது இல்லாம இருக்கலாம்னுதான், ஏளா, கோயிலுக்கு வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சபைக்குத் திரும்பி வாக்கா என்றேன். மூன்றாவது ஓலைக்கு வா என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை எங்கள் சபையில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். திரையை மறுபடி மாட்டினார்கள். ஆனால் பாய்கள் விரித்த இடத்திலேயே கிடந்தன. தையலும் கொஞ்சம் கோணல்தான் என்று என் கட்சியிலேயே ஒருத்தி முணுமுணுத்தாள்.

அங்கிருந்து பஸ் பிடித்து அந்தச் சபைக்குப் போனேன். அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். போதகர் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் வாசித்துவிட்டு, இதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லலாம் என்றார்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன்.